இலை அசையாத ராத்திரியில் காற்று எங்கே போகிறது?

கம்பம் நட்டு, அதில் கருவி கட்டி, தரையை ஒட்டிய காற்றை அளப்பதுதான் 27 வருடமாக என் பிழைப்பு. புயல், மழை பற்றிக் கேட்டால் நான் அரைகுறை. தரையிலிருந்து முதல் ஐம்பது மீட்டரைப் பற்றிக் கேட்டால் நிறுத்த மாட்டேன். போன இதழில் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் சில இங்கே. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன்.

மத்தியானம் நன்றாக வீசும் காற்று, பொழுது சாய்ந்ததும் சட்டென்று நின்றுவிடுகிறதே, எங்கே போகிறது? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

எங்கேயும் போகவில்லை ஐயா. உங்கள் தலைக்கு மேலேதான் இருக்கிறது. இறங்கி வருகிற வழி அடைபட்டுவிட்டது, அவ்வளவுதான்.

தரை எந்நேரமும் காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. புல், கல், வேலி, சுவர் எல்லாம் அதற்கு உடந்தை. தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றின் வேகம் எப்போதும் பூஜ்யம். அப்படியானால் பகலில் நம் முகத்தில் அடிப்பது எது? மேலேயிருந்து இறங்கி வந்த காற்று. வெயிலில் தரை சுட்டதும் அதை ஒட்டிய காற்று சூடேறிக் கொத்துக் கொத்தாக மேலே கிளம்பும். அந்த இடத்தை நிரப்ப, உயரத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருந்த காற்று இறங்கும். நல்ல வெயில் நாளில் இந்த ஏற்ற இறக்கம் 1 கிலோமீட்டர், 2 கிலோமீட்டர் உயரம் வரைகூட நடக்கும். இந்தப் பகுதிக்கு எல்லைப் படலம் என்று பெயர். தரை வேகத்தைத் தின்னத் தின்ன, மேலேயிருந்து சப்ளை வந்துகொண்டே இருக்கும்.

பொழுது சாய்ந்ததும் கணக்கு மாறிவிடும். வானம் தெளிவாக இருந்தால் தரை தன் சூட்டை மளமளவென்று விட்டுவிடும். அதை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, கீழேயே படுத்துவிடும். கனமானது கீழே, லேசானது மேலே என்று அடுக்கியாகிவிட்டது. இனி ஒன்றோடொன்று கலக்க வேண்டிய அவசியமே இல்லை. சப்ளை நின்றுபோகிறது, ஆனால் தரை தின்பதை நிறுத்துவதில்லை. கொஞ்ச நேரத்தில் கீழே காற்று செத்துவிடுகிறது. ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்று முதலில் சொன்னவர் களத்தில் முறத்தோடு நின்று சாயங்காலத்தைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஒருமுறை 30 மீட்டர் கம்பத்தின் உச்சியில் ஒரு கருவி மக்கர் செய்தது. விடிவதற்கு முன்னாலேயே ஏறினேன். கீழே இலை அசையவில்லை. ஏணிக் கம்பி பனியில் நனைந்து வழுக்கியது, விரல் விறைத்தது. பாதி உயரம் தாண்டியதும் கம்பி காய்ந்திருந்தது. இன்னும் சில படிகள் ஏறினேன், காதில் காற்று இரைந்தது. உச்சியில் கழுத்து மஃப்ளரை அவிழ்த்துவிட்டேன், அவ்வளவு வெதுவெதுப்பு. தலையிலிருந்த தொப்பி பிய்த்துக்கொண்டு போனது. பக்கவாட்டில் பறந்த தொப்பி, பாதி உயரத்துக்குக் கீழே வந்ததும் யாரோ கையை விட்ட மாதிரி நேராகத் தரையில் விழுந்தது. கீழே நின்ற உதவியாளர் கையை உரசிக்கொண்டே அதை எடுத்தார். அவருக்கும் எனக்கும் இடையே 4 டிகிரி வித்தியாசம் என்று பிறகு டேட்டாவில் பார்த்தோம்.

இன்னும் மேலே போனால் வேடிக்கை கூடுகிறது. தரையின் பிடி விட்டுப்போனதால், சில நூறு மீட்டர் உயரத்தில் ராத்திரிக் காற்று பகலைவிட வேகமாக ஓடும். நெதர்லாந்தில் காபாவ் என்ற இடத்தில் 1972 முதல் 213 மீட்டர் கம்பம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் ராத்திரி வேகம் குறையும், உச்சியில் கூடும். காற்றாலைக்காரர்களுக்கு இது லாபம். கீழே மூச்சுவிடுகிறவர்களுக்குத்தான் நஷ்டம். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மேல் இப்படி ஒரு குளிர்ந்த காற்று பகலிலும் எழும்பாமல் படுத்திருந்தது. அந்த ஐந்து நாளும் நிலக்கரிப் புகை போக்கிடம் இல்லாமல் தேங்கியது. அப்போது 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வு அதை 12,000 வரை கொண்டுபோனது. அதற்கு முந்தைய வாரமும் அதே அடுப்புகள்தான் எரிந்தன. மாறியது காற்று.

வானிலை அறிக்கையில் மணிக்கு 15 கிலோமீட்டர் என்கிறார்கள். வாசலில் நான் கையில் பிடிக்கும் மானி 5 காட்டுகிறது. எது பொய்? (பிளஸ் டூ மாணவர்)

இரண்டும் நிஜம். அறிக்கையில் வருவது 10 மீட்டர் உயரத்தில், திறந்த வெளியில், 10 நிமிடச் சராசரியாக எடுத்த வேகம். உலக வானிலை அமைப்பு வகுத்த விதி அது. உங்களுடையது தோள் உயரத்தில், சுவர்களுக்கு நடுவில் எடுத்தது.

உயரத்தோடு வேகம் ஏறுகிற விதத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு, அது மடக்கையில் ஏறும். அதில் வருகிற முக்கியமான எண், தரையின் சொரசொரப்பு நீளம்; தரை காற்றை எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்பதன் அளவு அது. குட்டைப் புல்வெளிக்கு அது சுமார் 3 சென்டிமீட்டர். காட்டுக்கு 1 மீட்டரும் அதற்கு மேலும். அமைதியான நீர்ப்பரப்புக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. புல்வெளியில் 10 மீட்டரில் 15 என்றால், 2 மீட்டரில் கிட்டத்தட்ட 11. கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள்: 2-ஐ 0.03-ஆல் வகுத்து மடக்கை எடுங்கள், 10-க்கும் அப்படியே செய்யுங்கள், முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். 0.72 வரும். வெயில் உக்கிரமாக இருந்தாலோ ராத்திரி அடுக்கு படிந்தாலோ இந்தக் கணக்கைத் திருத்த வேண்டும். மோனின், ஒபுகோவ் என்ற இரண்டு ரஷ்யர்கள் 1954-இல் கொடுத்த திருத்தத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்.

வீடுகளுக்கு இடையில் இந்தச் சூத்திரமே செல்லாது. உங்கள் 5 அங்கேதான் வருகிறது.

கொந்தளிப்பை முதலில் அளந்தது யார்? (வாசகி ஒருவர்)

காற்று ஒழுங்கில்லாமல் சுழன்று கலப்பதைத்தான் கொந்தளிப்பு என்கிறோம். ‘முதல்’ என்று யாரைச் சொன்னாலும் சண்டைக்கு வருவார்கள். எனக்குப் பிடித்த கதையைச் சொல்கிறேன். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. அடுத்த வருடம், பனிப்பாறைகளைக் கண்காணிக்க ஸ்காட்டியா என்ற பழைய திமிங்கில வேட்டைக் கப்பலை வட அட்லாண்டிக்குக்கு அனுப்பினார்கள். அதில் வானிலையாளராகப் போனவர் ஜி. ஐ. டெய்லர், வயது 27. கப்பல் மேல்தளத்திலிருந்து பட்டம் விட்டார், அதில் வெப்பமானி கட்டியிருந்தார். வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த கடல்மேல் வரும்போது, கீழேயிருந்து குளிர் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்த்தார். மூலக்கூறுகள் மட்டும் வெப்பத்தைக் கடத்துவதானால் அவ்வளவு உயரம் ஏற வாய்ப்பே இல்லை. காற்றுச் சுழல்கள்தான் அதைத் தூக்கிச் செல்கின்றன என்று 1915-இல் எழுதினார்.

அவர் போனது மூடுபனியைப் பார்க்க. திரும்பி வந்தது இதோடு.

மேடம், ஆய்வுக்காக ஒரு காற்றுமானிக் கம்பம் நிறுத்தப் போகிறேன். எங்கே நிறுத்துவது? என் வழிகாட்டி மொட்டைமாடி போதும் என்கிறார். (முனைவர் பட்ட மாணவி)

வழிகாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: போதாது. மொட்டைமாடியில் வைத்தால் அந்தக் கட்டடத்தைத்தான் அளப்பீர்கள். காற்று சுவரில் மோதி விளிம்பில் எகிறும்போது ஒரு இடத்தில் வேகம் கூடும், இரண்டடி தள்ளிப் பின்னோக்கிச் சுழலும்.

பழைய விதி இரண்டு சொல்கிறேன். தடை எதுவாக இருந்தாலும் அதன் உயரத்தைப்போல் குறைந்தது 10 மடங்கு தள்ளிப் போங்கள். 8 மீட்டர் மரம் என்றால் 80 மீட்டர். அப்புறம், கருவி எந்த உயரத்தில் இருக்கிறதோ, காற்று வரும் திசையில் அதைப்போல் 100 மடங்கு தூரத்துக்கு ஒரே மாதிரியான தரை இருக்க வேண்டும். 3 மீட்டரில் வைத்தால் 300 மீட்டர். கருவி அளப்பது காலடித் தரையை அல்ல, காற்று வந்த வழியை. 1968-இல் கான்சாஸில் ஒரு புகழ்பெற்ற பரிசோதனை செய்தார்கள். 32 மீட்டர் கோபுரம், சுற்றிலும் அறுவடை முடிந்த, மேசை மாதிரித் தட்டையான கோதுமை நிலம். பிரமாதமான டேட்டா. ஆனால் நாம் வாழ்கிற இடம் எதுவும் அப்படித் தட்டையாக இல்லை என்பது என் நெடுநாள் புகார்.

நான் கோட்டைவிட்டதையும் கேளுங்கள். முதல் ஆய்வுப் பருவத்தில் கேபிள் நீளம் போதவில்லை என்று, கருவியைத் தாங்கும் கையைக் கம்பத்தின் மேற்குப் பக்கம் நீட்டிவிட்டேன். காற்று கிழக்கிலிருந்து வீசியது, 11 நாள் விடாமல். டேட்டாவைத் திறந்தால் கொந்தளிப்பு அமர்க்களமாக இருந்தது. மூன்று நாள் குதூகலம். வரைபடம் போட்டு, குழுக் கூட்டத்தில் காட்டினேன். ஒரு மூத்தவர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: “அம்மா, கம்பம் எந்தப் பக்கம்?” நான் அளந்தது கம்பத்துக்குப் பின்னால் சுழன்ற காற்றை. 11 நாளையும் தூக்கிப் போட்டேன். அதிலிருந்து எந்தக் கம்பத்தடியில் நின்றாலும் முதலில் நோட்டில் வடதிசை அம்பு ஒன்று வரைந்துவிட்டுத்தான் மறுவேலை.

இன்னொன்று. மீயொலிக் காற்றுமானி வாங்கித் தருவார்கள் என்றால் சந்தோஷம். எதிரெதிரே இருக்கும் இரண்டு குமிழ்களுக்கு இடையில் ஒலி போய்வர எடுக்கும் நேரத்தை வைத்து அது வேகம் சொல்லும். 15 சென்டிமீட்டரைக் கடக்க ஒலிக்கு அரை மில்லி நொடிகூட ஆகாது, அதற்குள் வித்தியாசம் பிடிக்கும் நுட்பம் அது. ஆனால் ஒரு பனித்துளி குமிழில் உட்கார்ந்தால் போச்சு. சிலந்திக்கு அந்த இடைவெளி ரொம்பப் பிடிக்கும். மென்மையான தூரிகை ஒன்று பையில் இருக்கட்டும்.

ஒரு காடு இத்தனை டன் கார்பன் உறிஞ்சுகிறது என்கிறார்களே, காற்றில் நடப்பதை எப்படி எண்ணுகிறார்கள்? (வாசகர் ஒருவர்)

இது என் செல்லக் கேள்வி. பேருந்து நிலைய வாசலில் ஒரு ஆள் நின்று, உள்ளே போகிறவர் எத்தனை, வெளியே வருகிறவர் எத்தனை என்று எண்ணுவதைப் போல. வாசல் என்பது மரங்களுக்கு மேலே கம்பத்தின் உச்சி. எண்ணுவது காற்றுச் சுழல்களை.

மீயொலி மானி நொடிக்கு 10 அல்லது 20 தடவை, காற்று மேலே போகிறதா, கீழே வருகிறதா, எவ்வளவு வேகம் என்று எழுதும். பக்கத்திலேயே இருக்கும் வாயு அளவி, அதே கணத்தில் அந்தக் காற்றில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு என்று எழுதும். பகலில் இலைகள் அதைத் தின்கின்றன. அதனால் காட்டிலிருந்து மேலே வரும் சுழலில் கொஞ்சம் குறைவாகவும், மேலிருந்து இறங்கும் சுழலில் கொஞ்சம் கூடவும் இருக்கும். இந்த வித்தியாசம் பல நேரம் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்குதான். செங்குத்து வேகத்தின் ஏற்ற இறக்கத்தையும் வாயுவின் ஏற்ற இறக்கத்தையும் பெருக்கி, அரை மணிநேரத்துக்குச் சராசரி எடுப்போம். நொடிக்கு 20 என்றால் 36,000 ஜோடி எண்கள். கிடைப்பது நிகர வரவு செலவு. வெப்பத்துக்கும் நீராவிக்கும் இதே வழிதான்.

கேட்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! சங்கடம் ராத்திரியில். முதல் கேள்வியில் சொன்னேனே, காற்று அடுக்காகப் படுத்துவிடும் என்று. மண்ணும் மரமும் ராத்திரி முழுக்க மூச்சு விடுகின்றன. அந்த வாயு மேலே ஏறி வாசல் வழியாக வராது. தரையோடு தரையாகத் தேங்கும், நிலம் சரிவாக இருந்தால் தண்ணீர் மாதிரிப் பள்ளத்துக்கு வழிந்துவிடும். வாசலில் நிற்கும் ஆளுக்குத் தெரியாமல் கூட்டம் பின்சுவர் ஏறிக் குதித்துவிட்டது. செலவு குறைவாகப் பதிவாகும், காடு நிஜத்தைவிட அதிகம் சேமிக்கிற மாதிரித் தோன்றும். இதனால் காற்று போதுமான அளவு கலக்காத ராத்திரிகளை நீக்கிவிட்டு, அந்த இடைவெளியை மாடல் கொண்டு நிரப்புகிறார்கள். எத்தனை ராத்திரிகளை நீக்கினார்கள் என்று சொல்லாத ஆய்வறிக்கையை நான் மூடி வைத்துவிடுவேன்.

பகல் கணக்கும் முழுசாக நேராவதில்லை. சூரியனிடமிருந்து வந்த ஆற்றலையும், வெப்பமாகவும் நீராவியாகவும் வெளியே போனதையும் வைத்துப் பார்த்தால், பல இடங்களில் நூற்றுக்கு 10 முதல் 30 வரை துண்டு விழுகிறது. கருவி காரணமா, கம்பத்தைச் சுற்றி மெதுவாக நகரும் பெரிய சுழல்கள் காரணமா என்று மாநாட்டுக்கு மாநாடு வாக்குவாதம். நான் பெரிய சுழல் கட்சி.

இருபக்கமும் உயரமான கட்டடம் உள்ள சாலையில் வீடு பார்க்கிறோம். எந்தப் பக்க வீட்டுக்குப் புகை குறைவு? (தம்பதியர்)

காற்று சாலைக்குக் குறுக்கே வீசுகிற ஊர் என்று வைத்துக்கொள்வோம். மேற்கிலிருந்து வருகிறது. கட்டடங்கள் நெருக்கமாகவும் உயரமாகவும் இருந்தால் காற்று கூரைகளைத் தடவிக்கொண்டு போய்விடும், சாலைக்குள் முழுசாக இறங்காது. உள்ளே இருக்கும் காற்று ஒரு பெரிய உருளை மாதிரிச் சுழலும். கூரை மட்டத்தில் மேற்கிலிருந்து கிழக்கே போவது, கிழக்குச் சுவரில் இறங்கி, சாலை மட்டத்தில் திரும்பி மேற்கே வரும். வண்டிப் புகையை வாரிக்கொண்டு மேற்கு வரிசைக் கட்டடத்தின் சாலைப்பக்கச் சுவரில் ஏறும். பலரும் தலைகீழாகத்தான் நினைக்கிறார்கள்: காற்று வருகிற பக்கம் நம் பக்கம், புகையெல்லாம் எதிர்வீட்டுக்குப் போய்விடும் என்று. இந்த மாதிரிச் சாலையில் காற்று வருகிற பக்கத்து வரிசைக்குத்தான் புகை அதிகம்.

காற்று சாலையின் நீளவாக்கில் வீசினால் இந்த ஞாயம் செல்லாது, புகை அடித்துக்கொண்டு போய்விடும். வருடத்தில் பெரும்பாலான நாள் எந்தத் திசை என்று முதலில் விசாரியுங்கள். இரண்டு பக்கத்திலும் மேல்மாடிக்குப் போகப் போகப் புகை குறையும்.

சாலையோரம் மரம் நட்டால் மாசு குறையும்தானே?

குறுகலான, உயரமான கட்டடங்கள் சூழ்ந்த சாலையில் அடர்ந்த மரக்கூடாரம் மூடிபோல் ஆகிவிடும். காற்று கலப்பதைத் தடுத்து, நடைபாதையில் மாசைக் கூட்டிவிடலாம். அங்கே வண்டிக்கும் நடைபாதைக்கும் நடுவில் தாழ்வான புதர்வேலி மேல். அகலமான சாலை என்றால் இந்தக் கவலை வேண்டாம். நிழலுக்காக மரம் நடுவதை நான் ஒருபோதும் தடுக்க மாட்டேன், என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

கணினி இருக்கும்போது காற்றுச் சுரங்கம், வயல் பரிசோதனை எல்லாம் இன்னும் எதற்கு? (பொறியியல் மாணவர்)

எல்லைப் படலத்தில் பெரிய சுழல் ஒரு கிலோமீட்டர், சிறியது ஒரு மில்லிமீட்டர். இரண்டையும் கணினிக்குள் அடைக்க வேண்டுமானால் ஒன்றுக்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்ட எண்ணிக்கையில் கட்டங்கள் வேண்டும். நடக்கிற காரியமா? சிறியதை ஊகிக்கிறோம். ஊகம் சரியா என்று எதையாவது வைத்துச் சோதித்தாக வேண்டும். 1956 கோடையில் நெப்ராஸ்காவின் ஓநீல் அருகே ஒரு புல்வெளியில் கந்தக டை ஆக்சைடை விட்டு, 50 மீட்டர் முதல் 800 மீட்டர் வரை ஐந்து வில்வரிசைகளில் மாதிரி எடுத்தார்கள். இன்று புதிதாக எழுதுகிற மாடலும் அந்தப் புல்வெளிக்குப் போய்த்தான் தேர்வு எழுதுகிறது.

காற்றுச் சுரங்கம் என்பது விசிறியால் காற்றை ஓட்டிப் பார்க்கும் நீண்ட அறை. அதில் ஒரு நகரத்தையே முந்நூறில் ஒரு பங்காகச் செதுக்கி மேசையில் வைக்கலாம். முன்னால் வரிசை வரிசையாக மரக்கட்டைகளைப் பரப்பினால், காற்று அதன்மேல் உருண்டு வந்து நிஜத் தரைக்காற்று மாதிரியே ஆகிவிடும். ராத்திரி அடுக்கை மட்டும் அதில் கொண்டுவருவது பெரும்பாடு, தரையைக் குளிரவைத்து மேல்காற்றைச் சூடாக்க வேண்டும்.

காலை நடைக்கு எந்த நேரம் காற்று சுத்தம்? விடிகாலை என்கிறார்கள். (பலர்)

வண்டி ஓடும் சாலைப் பக்கம் நடப்பவர் என்றால், அமைதியான தெளிந்த ராத்திரிக்கு அடுத்த விடிகாலை நல்ல நேரம் இல்லை. ராத்திரி படிந்த மூடி அப்போதும் கலைந்திருக்காது, அதற்கடியில் புதுப் புகையும் சேரும். சூரியன் வந்து தரையைச் சூடாக்கி மூடியைக் கலைக்க ஒன்றிரண்டு மணிநேரம் பிடிக்கும். கலையத் தொடங்கும்போதே, மேலே படுத்திருந்த புகை கொஞ்ச நேரம் கீழே இறங்கவும் செய்யும்.

தூரத்தில் ஏதாவது புகைபோக்கி தெரிகிறதா பாருங்கள். புகை நாடா மாதிரித் தட்டையாகக் கிடந்தால் மூடி இன்னும் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்கள். வளைந்து நெளிந்து மேலும் கீழும் ஆடினால் நன்றாகக் கலக்கிறது, கிளம்பலாம். மத்தியானம் காற்று நன்றாகக் கலந்தாலும், வெயிலில் உருவாகும் ஓசோன் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.